படம் அளக்கும் பாடம் தங்கவயலில் தொடங்கட்டும்

கோலார் தங்கவயலில் அறிவியல் படிக்கும் மாணவர்கள் அனைவருக்கும், எடுத்த பிரிவு எதுவானாலும், படத்திலிருந்து அளவெடுக்கும் நிரல் எழுதக் கற்றுத்தர வேண்டும். ஏட்டுப்பாடமாக அல்ல, கையால் செய்து பழகும் பயிற்சியாக. அதற்கான கூடம் பெங்களூரில் அல்ல, இந்த ஊரிலேயே அமைய வேண்டும். செலவை மாவட்டக் கனிம நிதி ஏற்க வேண்டும். வேலை தேடி விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறும் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே படமும் செயற்கைக்கோள் படமும் சோறு போடுமா என்று சிலர் கேட்கக்கூடும். போடும். அதைச் சொல்வதற்கு முன், இந்தக் கோரிக்கைக்கு இந்த ஊருக்கு உள்ள உரிமையைச் சொல்லியாக வேண்டும்.

தங்கவயல் என்றால் தங்கமும், அண்மைக்காலமாக இரண்டு மூன்று சினிமாக்களும்தான் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வருகின்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்டில், பூமிக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965இல் நடந்தது பாடப்புத்தகத்தில் கூட ஓரிரு வரிகளைத் தாண்டுவதில்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தை அங்கே பிடித்தன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் பிரெட்ரிக் ரெய்ன்ஸ் குழு செய்த அதே கண்டுபிடிப்பு, அதே ஆண்டில்.

பிடித்த விதம்தான் நமக்கு முக்கியம். மின்னணுக் கருவி ஒரு துகள் கடந்ததை உணர்ந்ததும் நியான் குழாய்களின் வரிசைக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் சென்ற பாதையிலுள்ள குழாய்கள் மட்டும் ஒளிரும். கேமரா அதைப் படமெடுக்கும். படம் கையில் கிடைத்ததும் அது நியூட்ரினோவாகிவிடாது. மேலிருந்து பாறையைத் துளைத்து வரும் மியூவான் என்னும் துகள் ஏறக்குறைய நேர்க்குத்தாகத்தான் அவ்வளவு ஆழத்தை எட்டும். கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் ஓடும் தடம் இருந்தால், அது சுற்றியுள்ள பாறையில் மோதிய நியூட்ரினோவின் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். ஆக, ஃபிலிமில் ஒளிக்கோட்டின் சாய்வை அளந்த அளவில்தான் கண்டுபிடிப்பே நின்றது. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் போன்றவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்துவிட்டன. அந்தக் கருவிகளைக் கேஜில் ஏற்றிக் கீழே இறக்கியது இந்த ஊர்த் தொழிலாளர்கள். படத்தைப் படிக்கும் வேலை மட்டும் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாததா?

சுரங்கம் 2001 பிப்ரவரிக் கடைசியில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்றவற்றில் இரண்டு இன்றும் அளக்கப்படக் காத்திருக்கின்றன. ஒன்று நுரையீரல். இந்தியாவில் கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் பற்றிய முதல் பெரிய ஆய்வு இங்கேதான் நடந்து, 1947இல் வெளியானது. பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் அந்நோயின் அடையாளம் தெரிந்தது. அன்று எக்ஸ்ரே ஃபிலிமை விளக்கொளியில் பிடித்து மருத்துவர் கண்ணால் பார்த்தார். இன்று ஃபிலிம் இல்லை, எண்கள்தான். நவீன எக்ஸ்ரே கருவி ஒவ்வொரு புள்ளியிலும் 4,096 அல்லது அதற்கும் மேற்பட்ட சாம்பல் நிறப் படிகளைப் பதிகிறது. அதை மானிட்டரில் திறந்து, மொபைலில் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 256 படிகள்தான் மிஞ்சும், அதிலும் நுண்ணிய விவரங்கள் சுருக்கத்தில் நசுங்கிவிடும். சிலிக்கோசிஸ் ஆரம்ப நிலையில் காட்டும் பொடிப்பொடியான புள்ளிகள் முதலில் காணாமல் போகும் இடமும் அதுதான். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்ட எக்ஸ்ரே டெக்னீஷியன் ஊருக்கு நான்கு பேர் இருந்தால் போதும், முதியவர்கள் பலர் வீண் அலைச்சலிலிருந்து தப்புவார்கள்.

மற்றொன்று, எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணில் படுகிற சயனைடு மேடுகள். தங்கம் பிரித்த பின் கொட்டிய அரைத்த மணல், சுமார் 3.3 கோடி டன். 13 மேடுகளும் சேர்ந்து 1,003.4 ஏக்கர் பரப்பில் இருப்பதாக, அவற்றிலிருந்து மீண்டும் தங்கமெடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது செய்தி வந்தது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி எவ்வளவு தூரம் போகிறது, மழையில் மணல் எந்த ஓடை வழியாக இறங்குகிறது என்பதெல்லாம் ஊர்ப்பேச்சாக இருக்கிறதே தவிர, கணக்காக இல்லை.

கணக்குப் போடுவது எப்படி என்று பார்ப்போம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை இந்த ஊரைப் படமெடுக்கின்றன. படம் இலவசம். அதில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். எனவே 1,003.4 ஏக்கர் என்பது சுமார் 40,600 புள்ளிகள். படத்தைப் படித்து, வெளிறிய புள்ளிகளைப் பிரித்து எண்ணும் நிரலைப் பைத்தான் மொழியில் பத்துப் பதினைந்து வரிகளில் எழுதிவிடலாம். வெளிச்சத்தையும் இருட்டையும் பிரிக்கும் எல்லையை எங்கே போடுவது என்பதற்கு, ஒட்சு என்ற ஜப்பானியர் 1979இல் தந்த வழிமுறை ஒரே வரியில் கிடைக்கிறது.

ஓட்டிப் பார்த்தால் விடை தப்பாக வரும். ஆண்டர்சன்பேட்டையின் தகரக் கூரைகளும் சிமென்ட் தளங்களும் மணலோடு சேர்ந்து எண்ணப்படும். வானத்தில் ஒரு துண்டு மேகம் இருந்தால் அதுவும் சயனைடு மேடாகிவிடும். மழைக்காலப் படத்தை எடுத்தால் மேடு சுருங்கியதாகக் கணினி சொல்லும், ஏனென்றால் நனைந்த மணல் கறுத்துத் தெரியும். செடி முளைத்த சரிவு கணக்கிலிருந்தே விடுபட்டுப்போகும். இந்தத் தவறுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அகச்சிவப்பு அலைவரிசையைச் சேர்த்து, கோடைப் படத்தைத் தேர்ந்தெடுத்து, சந்தேகமான இடத்துக்கு நேரில் நடந்துபோய்ப் பார்த்துத் திருத்தும் மாணவர்தான் நிரல் கற்றவர். இதை எந்தச் சான்றிதழ் வகுப்பும் தருவதில்லை.

இப்போது நடப்பது என்ன? கணினி பிரிவு மாணவர் ரெக்கார்டு நோட்டில் நிரலைப் பேனாவால் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். இயற்பியலும் விலங்கியலும் புவியியலும் படிப்பவர் அதைக்கூடத் தொடுவதில்லை. படம் கையாள வேண்டிய வேலை அத்தனையும் இந்தப் பிரிவுகளில்தான் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. நுண்ணோக்கியில் செல்களை எண்ணுவதும், பாறைச் சீவலில் கனிமத்தின் பங்கை அளப்பதும், வானத்தில் விண்மீனின் பிரகாசத்தைக் கணக்கிடுவதும் ஒரே வித்தையின் கிளைகள். தனியார் மையங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு தரும் 'டேட்டா சயின்ஸ்' வகுப்புகளிலோ, அமெரிக்க வீட்டு விலைப் பட்டியலை வைத்துத்தான் பயிற்சி. தங்கவயல் பிள்ளைக்கு அதில் தப்பு எது, சரி எது என்று எப்படித் தெரியும்? சயனைடு மேட்டில் தெரியும். நிரல் உளறினால் ஜன்னல் வழியாகவே கண்டுபிடித்துவிடலாம்.

செயற்கை நுண்ணறிவுதான் எல்லாவற்றையும் செய்துவிடுமே என்ற வாதமும் எழும். நிரலின் வரிகளை அது எழுதித் தரும் என்பது உண்மை. நனைந்த மணலைப் பற்றி அதனிடம் யாராவது கேட்டால்தானே அது சொல்லும்? மவுசால் படத்தை வெட்டி, வெளிச்சம் கூட்டி, ஒட்டுகிறவர் செய்தது எதுவும் பதிவாவதில்லை. நிரலில் ஒவ்வொரு படியும் பதிவாகிறது, இன்னொருவர் ஓட்டிச் சரிபார்க்கலாம். எலிசபெத் பிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016இல் 20,621 உயிரியல் மருத்துவக் கட்டுரைகளைப் பார்த்தபோது, சுமார் 3.8 சதவீதத்தில் ஒரே படம் முறையற்று மீண்டும் வந்திருந்தது. உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களே தடுமாறுகிற இடம் இது.

சோற்றுக்கு வருவோம். பெங்களூர் செல்லும் சாலையில் ஹொசக்கோட்டையில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் மையம் இருக்கிறது. லடாக்கின் ஹன்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கியை அங்கிருந்துதான் இயக்குகிறார்கள். பெங்களூரின் உயிரியல் ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் கருவிகள் நாள்தோறும் படங்களைக் குவிக்கின்றன. படத்தின் உள்ளே இருக்கும் எண்ணைத் தொடத் தெரிந்த உதவியாளருக்கு அங்கே இடமுண்டு. தினமும் போகவர நான்கைந்து மணி நேரம் ரயிலில் கழிக்கும் இளைஞர் காவலாளி வேலைக்குத்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

செலவும் மலைக்க வைப்பதல்ல. இருபது கணினிகள், மின்வெட்டைத் தாங்கும் யுபிஎஸ், முழுநேரப் பயிற்றுநர் இருவர், பூட்டிக் கிடக்கும் சுரங்க நிறுவனக் கட்டடங்களில் ஒன்று. பைத்தான், இமேஜ்ஜே, க்யூஜிஐஎஸ் அனைத்தும் இலவசம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் பல மென்பொருள் பாடங்களைத் தமிழிலும் கன்னடத்திலும் குரல் கொடுத்து வைத்திருக்கிறது. அதைத் தொடக்கமாகக் கொண்டு, விளக்கம் வீட்டுமொழியில் நடக்கட்டும். 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, சுரங்கக் குத்தகைதாரர்கள் செலுத்தும் தொகை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சேர்கிறது. அது செலவிடப்பட வேண்டிய முன்னுரிமைத் துறைகளில் குடிநீர், சுகாதாரம், கல்வியோடு திறன் மேம்பாடும் இருக்கிறது. தையல் மெஷினுக்கும் டிரைவிங் பயிற்சிக்கும் கொடுக்கும் அதே தலைப்பில் இதற்கும் கொடுக்கலாம். கனிமத்தால் நுரையீரலை இழந்த ஊருக்கு அந்த நிதியைக் கேட்கக் கூச்சம் தேவையில்லை.

தாமதிக்கக் கூடாததற்கு ஒரு காரணம் உண்டு. மணல்மேடுகளில் வேலை தொடங்கிவிட்டால் மேட்டின் உருவம் வாரத்துக்கு வாரம் மாறும். இன்றைய செயற்கைக்கோள் படம் சேமிப்பில் எப்போதும் இருக்கும், பிறகும் எடுக்கலாம். ஆனால் எந்தப் புள்ளி வெறும் மணல், எது செடி மூடிய மணல், எது மழை அரித்த ஓடை என்று மேட்டைச் சுற்றி நடந்து குறித்துவைப்பதை இப்போது செய்தால்தான் உண்டு. நாளை தூசி கூடிவிட்டது என்று மக்களும் கூடவில்லை என்று ஒப்பந்ததாரரும் வாதிடும்போது, எடுத்துக்காட்ட ஊரிடம் ஓர் அளவு வேண்டும். கூடத்தின் முதல் அணி மாணவர்களுக்கு அந்தக் கணக்கெடுப்பையே முதல் செய்முறைத் தேர்வாக மாவட்ட நிர்வாகம் கொடுக்கட்டும், மேடுகளில் வேலை தொடங்குவதற்கு முன்பே.