இரையும் லொறி

அயலவரின் பழைய பெற்றோல் லொறி நின்ற நிலையிலும் ஓயாது இரைந்தது. காபரேற்றர்த் திருகாணியைத் தளர்த்தியும் வேகம் தணியவில்லை. காரணம் யாது? மிதியை விட்டதும் காற்றுக் கதவு முற்றாக மூடுவதைக் கண்டோம். ஆகவே காற்று வேறு வழியால் நுழைகின்றது எனத் துணிந்து, எஞ்சினோடு இணைந்த இறப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்தோம். பிறேக்கிற்குச் செல்லும் குழாயை நெரித்ததும் இரைச்சல் அடங்கிற்று. அதிலே ஒரு வெடிப்பு! எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடமே அக்குழாய்வழிச் சென்று பிறேக்கிற்கு வலுவூட்டுவது. திருகாணியோடு அமைந்திருந்தால், பாரமேற்றிய லொறி இறக்கத்தில் என்னாகும்? புதுக்குழாய் பூட்டியதும் லொறி அமைதியுற்றது. இரைச்சலை அடக்குமுன் அதன் காரணத்தை அறிதல் நன்று, அன்பர்களே!