கரையோரப் பெண்களும் தாதிக் கல்வியும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன. தாதிப் பள்ளிகளில் வகுப்பு தொடங்க மேலும் சில மாதங்கள் செல்லும். இராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. தந்தையின் வருமானம் நின்றிருக்கும் வேளையிலேயே மகளின் படிப்புச் செலவுக்கு வழி தேட வேண்டியிருக்கிறது. சான்றிதழுக்கும் கடனுக்கும் அலைவதிலேயே அம்மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

பணக் கஷ்டத்தினும் பெரிய தடை ஒன்றுண்டு. தமிழில் பயின்ற பெண், உடற்கூற்றுப் பாடத்தை முதல் நாளே இங்கிலீஷில் கேட்கிறாள். அறிவில் குறைவில்லை, பாஷை தடுக்கிறது. தாய்மொழியில் வைத்தியக் கல்வி வேண்டுமென்பதே நமது கொள்கை. அக்காலம் வரும் வரையில் அவளைத் தத்தளிக்க விடுவது நியாயமாகாது. அவள் பாதியில் வீடு திரும்பினால், அடுத்த வீட்டுப் பெண்ணையும் ஊரார் அனுப்பமாட்டார்கள்.

2022-ல் இராமநாதபுரத்தில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மகிழ்கிறோம். ஆனால் இரவெல்லாம் நோயாளியின் அருகிலிருப்பவர் தாதியே. அவர் கணக்கில் தசமப் புள்ளி ஒன்று இடம் மாறினால், மருந்து பத்து மடங்காகிவிடும்.

ஆகவே, மேடைதோறும் பெண் கல்வியைப் புகழும் தேசபக்தர்களுக்கு ஒன்று கூறுவோம். ஊர் வாசகசாலையில் தினம் ஒரு மணி நேரம், உடலுறுப்புகளின் இங்கிலீஷ்ப் பெயர்களையும் மருந்தளவுக் கணக்கையும் இப்பெண்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தாதிகளும் அழைத்தால் வாராமற் போகார். கட்டணத்துக்கு ஊர்ப் பொதுநிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுங்கள். பாராட்டுக் கூட்டத்தை அவள் படித்து முடித்த பின் நடத்திக்கொள்ளலாம்.