மரபணுத் தகவலின் பயன் யாருக்கு?

சர்வதேச மாநாடுகள் பற்றிய செய்திகளை மூன்று தசாப்தங்களாகத் தமிழில் எழுதி வந்தவன் என்ற முறையில் ஒன்றைக் கூறமுடியும். இறுதி நாளில் நிறைவேற்றப்படும் தீர்மானமே தலைப்புச் செய்தியாகின்றது. அத்தீர்மானத்துக்கு வழிசமைத்த உத்தியோகபூர்வமற்ற பேச்சுகள் செய்தியாவதில்லை. மரபணுத் தகவல்களின் பயனைப் பகிர்வது தொடர்பான பேச்சுவார்த்தைகள் இதற்கு நல்ல உதாரணமாகும்.

பிரச்சினையின் மூலத்தை முதலில் நோக்குவோம். 1992 இன் உயிர்ப்பல்வகைமைச் சமவாயம், தாவரங்கள், விலங்குகள், நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் மரபணு வளங்கள் மீது அவை காணப்படும் நாட்டுக்குள்ள இறைமையை அங்கீகரித்தது. வளத்தைப் பயன்படுத்துவோர் அதன் பயனை அந்நாட்டுடன் பகிர்ந்துகொள்வதற்கான விதிகளை 2010 இன் நகோயா நெறிமுறை வகுத்தது. ஆனால், விஞ்ஞானம் சட்டத்தை முந்திவிட்டது. விதையையோ வேரையோ எல்லை கடந்து எடுத்துச்செல்ல வேண்டிய தேவை இன்று பல வேளைகளில் இல்லை. அவற்றின் மரபணு வரிசை அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றிலுள்ள, ஒன்றோடொன்று இணைந்த தரவுத்தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றது. 2020 ஜனவரியில் சீன விஞ்ஞானிகள் கொரோனா வைரஸின் மரபணு வரிசையை வெளியிட்டனர். அதைக் கொண்டே மொடேர்னா நிறுவனம் தனது தடுப்பூசியை வடிவமைத்தது. வைரஸ் மாதிரி அதற்குத் தேவைப்படவில்லை.

2021 நவம்பரில் தென்னாபிரிக்காவினதும் பொட்ஸ்வானாவினதும் விஞ்ஞானிகள் ஒமிக்ரோன் திரிபின் வரிசையைத் தாமதமின்றி உலகுக்கு வழங்கினர். சில தினங்களுக்குள் அவர்களது நாடுகளுக்குக் கிடைத்த கைமாறு பயணத்தடையே. ஆபிரிக்காவில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருந்தோர் அவ்வேளையில் பத்து வீதத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. கொடுத்தவர்களின் மனக்கசப்பு எங்கிருந்து வருகின்றது என்பதை விளங்கிக்கொள்ள இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தகவலும் வளத்தின் ஒரு பகுதியே என்றன வளர்முக நாடுகள். விஞ்ஞானத் தகவலின் சுதந்திரமான ஓட்டத்துக்குத் தடை போடலாகாது என்றன செல்வந்த நாடுகளிற் பல. 2018 இல் ஷாம் அல் ஷேக்கில் நடைபெற்ற மாநாடு, கருத்து வேறுபாடு உண்டு என்பதைப் பதிவுசெய்வதற்கு அப்பால் வெகுதூரம் செல்லவில்லை. அந்நிலையிலேயே 2019 நவம்பரில் நோர்வேயும் தென்னாபிரிக்காவும் முறைசாரா உரையாடலொன்றுக்கு ஏற்பாடு செய்தன. நோர்வே என்றதும் எமது வாசகர்களுக்கு வேறு நினைவுகள் எழுவது இயல்பே. அனுசரணையாளரால் மேசையைப் போட முடியும். மேசையில் இருப்பவர்களுக்குப் பதிலாக முடிவெடுக்க முடியாது என்பதை நாம் பட்டறிந்தவர்கள்.

இத்தகைய உரையாடல்களின் பலம், அங்கு எவரும் வாசகங்களுக்காகப் பேரம்பேச வேண்டியதில்லை என்பதே. தரவுத்தளம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை விஞ்ஞானி விளக்கலாம். தனது அரசாங்கத்தின் நிலைப்பாட்டுக்குக் கட்டுப்படாமல் இராஜதந்திரி கேள்வி கேட்கலாம். ஒவ்வொரு வரிசையும் எந்த நாட்டிலிருந்து வந்தது எனத் தேடித் தனித்தனியே ஒப்பந்தம் செய்வது நடைமுறைச் சாத்தியமற்றது என்ற புரிதல் படிப்படியாக வலுப்பெற்றது. பொதுவான உலக நிதியம் ஒன்று அமைக்கப்பட வேண்டுமென 2022 டிசம்பரில் மொன்றியலில் இணக்கம் காணப்பட்டதில் இவ்வுரையாடல்களுக்குக் கணிசமான பங்கு உண்டு என்பது எனது கணிப்பு.

2024 நவம்பரில் கொலம்பியாவின் காலி நகரில் அந்நிதியத்துக்கு உருவம் கொடுக்கப்பட்டது. இத்தகவலால் பயனடையும் துறைகளைச் சேர்ந்த பெரிய நிறுவனங்கள் தமது இலாபத்தில் 1 வீதத்தை அல்லது வருமானத்தில் 0.1 வீதத்தைச் செலுத்தவேண்டும் என எதிர்பார்க்கப்படுகின்றது. நிதியில் குறைந்தது அரைப்பங்காவது பழங்குடி மக்களினதும் உள்ளூர்ச் சமூகங்களினதும் தேவைகளுக்குச் சேரவேண்டும் என்பதும் எதிர்பார்ப்பே. 2025 பெப்ரவரியில் ரோமில் நிதியம் ஆரம்பித்து வைக்கப்பட்டது. ஆனால், அது சட்டக்கடப்பாடு அல்ல. மருந்தும் அழகுசாதனப் பொருளும் விற்று இலாபமீட்டும் நிறுவனம், மனமிருந்தால் செலுத்தும், இல்லாவிட்டால் செலுத்தாது. சமவாயத்தில் அமெரிக்கா அங்கம் வகிக்கவில்லை என்பதும் கவனத்திற்குரியது.

இங்குதான் முறைசாராப் பேச்சின் எல்லை தெரிகின்றது. நல்லெண்ணம் இணக்கத்துக்கு வழிவகுக்கும், கடப்பாட்டை உருவாக்காது. எல்லோரும் முகம் கோணாமல் எழுந்து செல்லவேண்டும் என்ற அக்கறை, ஈற்றில் எவரையும் கட்டுப்படுத்தாத வாசகமாக முடியும் ஆபத்து எப்போதும் இருக்கின்றது. அதிலும், சிறிய தூதுக்குழுவை அனுப்பும் வறிய நாடுகளால் எத்தனை மேசைகளில் அமர முடியும்?

ஆகவே உரையாடல்கள் தொடரவேண்டும். அவற்றின் சாராம்சம் பகிரங்கப்படுத்தப்படவேண்டும். வறிய நாடுகளின் பங்கேற்புக்கு நிதி ஒதுக்கப்படவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனங்களின் பங்களிப்பை ஒவ்வொரு நாடும் தனது சொந்தச் சட்டத்தினால் கட்டாயமாக்கவேண்டும்.

தவறினால் என்ன நேரும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. தான் வழங்கும் பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளைக் கொண்டு தயாராகும் தடுப்பூசியைத் தனது மக்களால் வாங்க முடியாது எனக் கூறி, 2007 இல் இந்தோனேசியா மாதிரிகளை வழங்க மறுத்தது. நம்பிக்கை ஒருமுறை முறிந்தால், அடுத்த கொள்ளைநோயின்போது தகவலை மறைத்து வைக்க வேறொரு நாடு துணியலாம். அதன் விலையைக் கொடுத்தவனும் எடுத்தவனும் சேர்ந்தே செலுத்த நேரிடும்.