தாலி ஏறினால் வளைகாப்பு, ஏறாவிட்டால் கிணறா?

நமது சினிமாக்களில் கலியாணமாகாத ஒரு பெண் வாந்தி எடுத்தால் அடுத்த காட்சி என்ன என்பதை, 1985-ல் திறந்து 2025-ல் மூடப்பட்ட நமது பெரம்பூர் பிருந்தா கொட்டகையில் படம் பார்த்து வளர்ந்த எந்தச் சிறுவனும் சொல்லிவிடுவான். தாய் மார்பில் அடித்துக்கொள்ளுவாள். தகப்பன் அரிவாளைத் தேடுவான். பெண் கிணற்றைத் தேடுவாள். அவள் கிணற்றுக்குத் தப்பினாலோ, பஞ்சாயத்துக் கூடி, கெடுத்தவன் கையாலேயே அவளுக்கு ஒரு தாலியைக் கட்டவைத்து, "மானம் பிழைத்தது" என்று மேளம் கொட்டி ஜனங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். கெடுத்தவனுக்குப் பெண் பரிசு. கெடுக்கப்பட்டவளுக்கு ஆயுள் தண்டனை. இதற்குப் பெயர் நீதியாம்!

இவைகளையே பார்த்துப் பழகிய நம்மவர்கள் "ஜூனோ" என்னும் அமெரிக்கப் படத்தை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். 2007-ல் வெளிவந்த இப்படத்தை ஜேசன் ரைட்மன் டைரக்ட் செய்தார். கதை வசனம் எழுதியவர் டயாப்லோ கோடி என்னும் பெண்மணி. அவ்வெழுத்துக்கு 2008-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. கதை பிரமாதமானதல்ல. 16 வயதுப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, கூடப் படிக்கும் பையனால் கர்ப்பமாகிறாள். கலைத்துவிடப் போகிறாள்; மனம் மாறித் திரும்புகிறாள். பத்திரிகை விளம்பரத்தில் பிள்ளையில்லாத தம்பதிகளைக் கண்டுபிடித்து, குழந்தையை அவர்களுக்குக் கொடுக்க ஒப்புகிறாள். நடுவில் அந்தப் புருஷன் பெண்ஜாதியை விட்டுப் போய்விடுகிறான். ஆனாலும் தனியே நிற்கும் அந்த அம்மாளிடமே குழந்தை ஒப்புவிக்கப்படுகிறது. பெண் பழையபடி தன் சிநேகிதனோடு கிதார் வாசிக்கிறாள். ஒருவரும் சாகவில்லை. படம் முழுவதும் சிரிப்பு.

"கர்ப்ப விஷயத்தில் சிரிப்பா!" என்று வைதீகர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். நாம் கேட்பதெல்லாம் யார் சிரிக்கிறார்கள் என்பதுதான். நமது படங்களில் பெண்ணைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. இப்படத்தில் பெண்ணே தன் நிலைமையைப் பற்றிச் சிரித்துப் பேசுகிறாள். தன்னைப் பாபி என்று நம்புகிறவளுக்கு அந்தச் சிரிப்பு வராது. தான் ஒரு மனுஷி, தன்னால் ஒரு காரியம் நேர்ந்தது, அதற்கு ஒரு வழி தேடவேண்டும் என்று நினைக்கிறவளுக்கே அது வரும்.

அவளுடைய தகப்பன் பெரிய சீமானல்ல. குளிர்சாதன யந்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிற ஒரு தொழிலாளி. நமது லோகோவிலும், காரேஜிலும், ஐ.சி.எப்.பிலும் வேலை செய்யும் தோழர்களின் ஜாதி. சிற்றன்னை நகம் சீர் செய்யும் கடைக்காரி. மகள் உண்மையைச் சொன்னதும் அவர்கள் திடுக்கிடுகிறார்கள், வருத்தமும் படுகிறார்கள். ஆனால் அந்தச் சிற்றன்னை உடனே பேசுவது சத்து மாத்திரையைப் பற்றி! பிறகு ஸ்கேன் எடுக்கும் உத்தியோகஸ்தி ஏளனமாக ஒரு வார்த்தை சொன்னபோது, அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுகிறாள். நம் வீடுகளிலோ முதல் கேள்வி, "பையன் என்ன ஜாதி?" இரண்டாவது கேள்வி, "வெளியில் யாருக்குத் தெரியும்?" பெண்ணின் உடம்பு எப்படியிருக்கிறது என்ற கேள்வி மூன்றாவதாகவாவது வருமா என்பதே சந்தேகம்.

நம் நாட்டார் இவ்விஷயத்தைத் தொடவேயில்லை என்று சொல்லமாட்டோம். 2000-ல் தேஜா எடுத்த "சித்திரம்" என்ற தெலுங்குப் படத்தில் படிக்கும் வயதிலேயே ஒரு ஜோடி பிள்ளை பெறுகிறது. 2023-ல் கணேஷ் கே. பாபு எடுத்த தமிழ் "டாடா"வில் கல்லூரி மாணவி கர்ப்பமாகிறாள்; இரண்டு வீட்டாரும் துரத்துகிறார்கள்; கடைசியில் குழந்தையைப் பையனே வளர்க்கிறான். ஆண்பிள்ளை பிள்ளை வளர்ப்பதைக் காட்டியதற்குப் பாராட்டுகிறோம். ஆனால் அதிலும் சிரிப்பெல்லாம் ஆண்களின் பங்கு. பெண்ணின் பங்கு கண்ணீர்தான்.

"ஜூனோ"விலும் குற்றமில்லாமலில்லை. கர்ப்பத்தைக் கலைக்கும் வைத்திய ஸ்தலத்தை ஒரு கோமாளிக் கூடமாகக் காட்டியிருப்பது நமக்குச் சம்மதமில்லை. பெறுவதோ பெறாமலிருப்பதோ பெண்ணின் இஷ்டம் என்றால் இரண்டு வாசலுக்கும் சம மரியாதை வேண்டும்.

இனி நமது யோக்கியதையைப் பார்ப்போம். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கின்படி, 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 6.8 பேர் தாயாகிவிட்டவர்கள் அல்லது கர்ப்பிணிகள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கலியாணமானவர்கள். இவர்களுக்காக எந்தத் தகப்பன் அரிவாள் தேடினான்? 16 வயது வயிற்றுக்குத் தாலி இருந்தால் வளைகாப்பு, இல்லாவிட்டால் கிணறு. வயிறும் ஒன்று, வயதும் ஒன்று, பிரசவ ஆபத்தும் ஒன்று. வித்தியாசம் ஒரு மஞ்சள் கயிறு! 1929-ல் பெண்ணுக்கு 14 வயது என்று சாரதா சட்டம் வந்தபோது மதம் போச்சு என்று கூச்சலிட்டார்கள். இன்று 18 என்று சட்டமிருந்தும் திருட்டுக் கலியாணம் நிற்கவில்லை.

சட்டமும் பெண்ணுக்கு எட்டும்படி இல்லை. 1971 சட்டப்படி 18 வயதாகாதவள் கர்ப்பத்தைக் கலைக்கப் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். 2021 திருத்தப்படி, இரண்டு டாக்டர்கள் சம்மதித்தால் அவளுக்கு 24 வாரம் வரை இடமுண்டு. ஆனால் 2012 போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தாகவேண்டும். அதற்குப் பயந்து எத்தனை பெண்கள் கள்ள வைத்தியரிடம் போகமாட்டார்கள்? பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை அந்தத் தகவலில் வெளியிடவேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட் 29-9-2022-ல் சொல்லிவிட்டது. இதை அவளுக்கு யார் சொன்னார்கள்? ஜூனோவைப் போல் விளம்பரம் பார்த்துக் குழந்தையைக் கொடுப்பது இங்கே குற்றம். 2015 சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்புவிக்கலாம். மனம் மாற இரண்டு மாதத் தவணையுமுண்டு. 1992 முதல் தொட்டில் குழந்தைத் திட்டமும் இருக்கிறது. இவைகளைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் பெண்கள் கெட்டுப்போவார்களாம்! சொல்லாமலிருந்ததால் யார் கெடாமலிருந்தார்கள்?

ஆகவே, தோழர்களே, பெண்களை அடக்கி வைப்பதைப் பற்றி யோசித்தது போதும். நாளைக்கு உங்கள் மகள் நடுங்கிக்கொண்டு ஒரு சங்கதி சொல்ல வந்தால், உங்கள் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி பையனின் ஜாதியைப் பற்றியதா, அவளுடைய உடம்பைப் பற்றியதா? அதை இன்றைக்கே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அவள் உயிர் அந்த ஒரு கேள்வியில் இருக்கக்கூடும்.