ஒவ்வொரு குரலும் கேட்க வேண்டும்

நாற்பது குழந்தைகள் ஒரே குரலில் பாடம் சொல்லும்போது வகுப்பறையே அதிரும். ஆனால், அந்த முழக்கத்தில் ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று சொல்லும் பிள்ளையின் குரல் ஆசிரியர் காதில் விழாது. அதே பிள்ளை ஐந்தாறு பேரோடு பாயில் வட்டமாக உட்கார்ந்தால், பிழை அந்த நொடியே தெரிந்துவிடும். நாக்கை மடித்து ஒருமுறை சொல்லிக் காட்டினால், திருத்தமும் அங்கேயே தொடங்கிவிடும்.

மொழி பேசிப் பேசிப் பழகுவது. சிறு குழுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் பேச முறை வருகிறது, கூச்சம் விலகுகிறது, பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டே பாதி பாடம் மனதில் பதிகிறது.

தமிழகத்துக்கு இது புதிதல்ல. கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வகுப்புகளைத் தெருவுக்கே கொண்டுவந்தது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்க வழிசெய்தது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையையும் கதை வாசிக்கும் பிள்ளையையும் ஒரே பக்கத்தில் நிறுத்துவது இருவருக்கும் அநீதி.

ஆனால், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளையும் பதிவேடுகளையும் சேர்த்துச் சுமக்கும் பள்ளியில் குழுக் கற்றல் காகிதத்தோடு நின்றுவிடும். தொடக்கப் பள்ளிக் காலிப் பணியிடங்களை அரசு விரைந்து நிரப்ப வேண்டும். தினமும் அரை மணி நேரத்தைக் குழு வாசிப்புக்கென ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் குரலும் நாள்தோறும் ஒருமுறையாவது ஆசிரியர் காதில் விழட்டும்.