கைவண்ணம்: பட்டையும் சடையும்



குளிர்ப் பிரதேசத்தில் விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைக்கு இருநிறப் பட்டைகளிட்ட கம்பளிக் கழுத்துத் துண்டு பின்ன விழைவோர், நடுவே ஒரு சடைப்பின்னலும் அமைக்கலாம். ஆனால், நிறம் மாறுமிடத்தில் பழைய நிறம் புள்ளிபுள்ளியாய் எட்டிப் பார்க்கும். அதற்காக நூலைக் குறைகூற வேண்டாம். சடையின் இருமருங்கிலும் உள்ள எதிர்ப்பின்னலே காரணம்.

நடுத்தரப் பருமனுள்ள நூலில், 4 மி.மீ. ஊசியில் 36 கண்ணிகள் ஏற்றுங்கள். முன்பக்க வரிசையில் 13 நேர், 2 எதிர், சடைக்கு 6 நேர், 2 எதிர், 13 நேர். பின்பக்க வரிசையில் 15 நேர், 6 எதிர், 15 நேர். நிறத்திற்கு 8 வரிசைகள். புதுநிறம் தொடங்கும் முதல் வரிசையை மட்டும் முழுவதும் நேராகவே பின்னுங்கள், புள்ளிகள் தோன்றா. 5ஆம் வரிசையில் சடையின் முதல் 3 கண்ணிகளைத் தனி ஊசியில் ஏந்தி முன்புறம் நிறுத்தி, அடுத்த மூன்றையும் பின்னியபின் அவற்றைப் பின்னுங்கள். நிறம் மாறும் வரிசையில் சடையைத் திருப்புதல் கூடாது.

ஓய்ந்திருக்கும் நூலை வெட்டாமல், இரு வரிசைக்கொருமுறை ஓரத்தில் முறுக்கி மேலேற்றலாம். இறுக்கினால் ஓரம் சுருங்கும். (சொரசொரப்பான நூல் வேண்டாம்; பிள்ளை அதைப் பெட்டியை விட்டே எடுக்காது!) கழுத்தை இருமுறை சுற்றும் நீளம் வந்ததும் கண்ணிகளை மூடிவிடுங்கள்.