பெயர் வேண்டும், ஆள் வேண்டாம்

எம்.பி.ஏ. படித்தவனுக்குக் கல்லூரி வாத்தியார் உத்தியோகம் எதற்கு என்று ஒரு கனவான் என்னிடம் கேட்டார். கம்பெனி நடத்தப் படித்தவன் கம்பெனிக்குப் போகாமல் கரும்பலகைக்கு முன்னால் வந்து நிற்பது கையாலாகாத்தனம் என்பது அவருடைய சித்தாந்தம். கல்லூரிப் படிப்பைக் கரைசேர்க்காத நீ இதைப் பற்றிப் பேசலாமா என்றும் அவர் கேட்கக்கூடும். பேசலாம். பந்தியில் உட்காராதவனுக்குத்தான் யார் யாருக்கு இலை விழவில்லை என்பது நன்றாகத் தெரியும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஷிப்டு சூப்பர்வைசராக இருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். பொன்னேரி அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. முடித்தவர், முதல் வகுப்பு. காண்ட்ராக்டர் கையிலுள்ள வடநாட்டுத் தொழிலாளியின் ஓவர்டைம் எந்தக் கணக்கில் காணாமற்போகிறது, உலை ஒரு மணி நேரம் அணைந்தால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். இதைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. இதில் என்ன கையாலாகாத்தனம்? 1908-இல் ஹார்வர்டில் இந்தப் பட்டத்தைத் தொடங்கியபோதும், 1961-இல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஐ.ஐ.எம். திறந்தபோதும், யாரோ ஒருவர் கரும்பலகைக்கு முன்னால் நின்றுதானே ஆகவேண்டியிருந்தது?

வாசல் இரண்டு இருக்கின்றன. கலைக் கல்லூரிகளில் பி.பி.ஏ. நடத்த வேண்டுமானால் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி: முதுகலையில் 55 சதவிகிதம், அதோடு நெட் அல்லது மாநிலத் தேர்வில் தேர்ச்சி, இல்லாவிட்டால் பிஎச்.டி. நெட் எழுதியவர்களில் 6 சதவிகிதம் பேரைத்தான் தேறியவர்கள் என்று அறிவிக்கிறார்கள். இருக்கட்டும்; போட்டி என்றால் அப்படித்தான். ஆனால் அந்த மேலாண்மைத் தாளின் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றனவே, அது எந்த ஊர்ப் போட்டி? பாட்னாக்காரன் தன் தாய்மொழியில் கேள்வியைப் படிக்கிறான். பொன்னேரிக்காரன் படிக்க முடியாது. 2024 ஜூன் 18-ஆம் தேதி ஒன்பது லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வை மறுநாளே ரத்துச் செய்தார்கள். நம் சூப்பர்வைசர் சம்பளமில்லாத லீவு போட்டு எழுதிய தேர்வு அது. அந்த ஒரு நாள் சம்பளத்தை எந்தக் குழுவிடம் போய்க் கேட்பது?

இரண்டாவது வாசல், எம்.பி.ஏ. நடத்தும் சுயநிதிக் கல்லூரிகள். அங்கே அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் விதி: முதல் வகுப்பு எம்.பி.ஏ., பிறகு இரண்டாண்டுத் தொழில் அனுபவம். ஆஹா, நம் ஆளுக்கென்றே எழுதிய விதி என்று நினைப்பீர்கள். அவரும் நினைத்தார். ஒரு கல்லூரிக்குப் போனார். (எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்காரர் தம் மாவட்டத் தலைநகருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குள் பேசின் பிரிட்ஜ் வரை வந்து வண்டி மாறித்தான் போக வேண்டும் என்பது தனிக் கூத்து.) “கரஸ்பாண்டன்ஸா?” என்று முதலில் முகம் சுளித்தார்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று 2022-இல் மானியக் குழுவே சொல்லிவிட்டது. முகத்துக்கு அது தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “சார், நீங்க வேலையை விட வேண்டாம். சர்டிபிகேட் ஒரிஜினலை மட்டும் கொடுங்க. இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு வந்து உட்காருங்க, போதும்” என்றார்களாம்.

இது ஒரே ஒரு கல்லூரியின் சாமர்த்தியம் என்று எண்ண வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரிகளில் 300-க்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இருப்பதாக 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டது. பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. ஒரு பெயர் பல நாற்காலிகளில் உட்கார்ந்தால், அத்தனை மனிதர்களுக்கு வேலை போயிற்று என்றுதானே அர்த்தம்? ஆள் கிடைக்கவில்லை என்று நிர்வாகிகள் கைவிரிக்கிறார்கள். ஆள் வாசலில் நிற்கிறான் ஐயா! அவனுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

அரசாங்கம் மட்டும் என்ன வாழ்கிறது? 2019-இல் அறிவித்த 2,000-க்கு மேற்பட்ட உதவிப் பேராசிரியர் இடங்கள் நிரம்பாமலே போயின. 2024 மார்ச்சில் 4,000 இடம் என்றார்கள், ஆகஸ்டில் தேர்வு என்றார்கள், தள்ளிவைத்தார்கள். அதுவரை வகுப்பை ஓட்டுகிறவர்களுக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். வருகை ஆசிரியருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இலேயே எழுதிவிட்டது. இங்கே 2024-இல் கொடுத்துக்கொண்டிருந்தது 25,000. பாதிப் பணத்துக்குப் பதிலாகத்தான் அந்தக் ‘கௌரவம்’ போலிருக்கிறது.

தொழில் தெரிந்தவர்கள் கல்லூரிக்குள் வரவேண்டுமென்று 2022-இல் இன்னொரு வழியும் திறந்தார்கள். நெட் வேண்டாம், பிஎச்.டி. வேண்டாம், 15 ஆண்டு அனுபவம் போதுமாம், அதுவும் மேல்மட்டப் பதவியில் இருந்தால் விசேஷமாம். அதாவது ஆலையின் டைரக்டர் வரலாம்; உலையருகே நின்றவன் வரக்கூடாது. டைரக்டருக்கு எதற்கு ஐயா வாத்தியார் வேலை?

நம் சூப்பர்வைசர் அடுத்த நெட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார். தேர்வுக்கு முதல் நாள் நைட் ஷிப்டு விழாமலிருக்க ஷிப்டை மாற்றிக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.